பத்தாம் வகுப்பில் தடுக்கிய பிள்ளைக்கு அடுத்து என்ன? துணைத் தேர்வு, ஐடிஐ, திறந்தநிலைப் பள்ளி

வருடா வருடம் மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு ஏழெட்டு போன் வந்துவிடும். "சார், பையன் கணக்குல போயிட்டான், இனி என்ன பண்றது?" பெரும்பாலும் அம்மாக்கள்தான் கேட்பார்கள். திருப்பூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எடுக்கிறேன், அதனால் கணக்கில் போன பிள்ளைகளின் வீடுகள் எனக்குப் பழக்கம். ஜூன் பாதிக்கு மேல் அந்த போன்கள் வராது. அதற்குள் பையன் பனியன் கம்பெனியில் கைமடிக்கப் போயிருப்பான், சனிக்கிழமைச் சம்பளம் ஒன்றிரண்டு கைக்கு வந்திருக்கும், வீட்டில் படிப்பைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். ரிசல்ட்டுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த மூன்று நான்கு வாரத்தில் எடுக்கவேண்டிய முடிவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது பிடித்துக்கொள்வது 6 வயது முதல் 14 வயது வரைதான். எட்டாவது வரை நம் மாநிலத்தில் ஃபெயில் கிடையாது. ஆக, ஒரு பிள்ளை முதன்முதலாக நிஜமாகத் தடுக்கி விழுகிற இடம் ஒன்பதாவதோ பத்தாவதோதான், சரியாக அந்த வயதில் சட்டத்தின் பிடியும் விட்டுப்போகிறது. அதே 14 வயதைத் தாண்டிவிட்டால், ஆபத்தான தொழில் என்று பட்டியலில் இல்லாத வேலைக்கு எடுத்துக்கொள்ள 2016-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் திருத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், பதினைந்து வயதுப் பையன்கள் வகுப்பிலிருந்து எப்படிச் சத்தமில்லாமல் காணாமல் போகிறார்கள் என்று தெரியும்.

இருக்கிற வழிகளை ஒப்பிடுவதற்கு நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்திருக்கிறேன். சான்றிதழ் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும், ஃபீஸ் எவ்வளவு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தப் பிள்ளை ஒரு நாள் வரவில்லை என்றால், அன்றைக்கே அதைக் கவனித்து, ஏன் வரவில்லை என்று தேடுவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. நின்றுவிடக்கூடிய நிலையில் இருக்கிற பிள்ளைக்கு இதுதான் எல்லாம். நான் பார்த்தவரை யாரும் ஒரே நாளில் படிப்பை விட்டதில்லை. திங்கட்கிழமை வரமாட்டான், கேட்க ஆளிருக்காது, அப்புறம் புதன்கிழமையும் வரமாட்டான், தீபாவளிக்குள் பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும்.

அடுத்து, அவன் ஏன் நின்றான் என்பதை நிதானமாகக் கேளுங்கள். அவனிடமே கேளுங்கள், அதுவும் சாப்பாட்டு நேரத்தில் சொந்தக்காரர்கள் முன்னால் வேண்டாம். "படிப்பு ஏறல" என்று வீட்டில் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம், அதற்குள் ஏழெட்டு விதமான காரணம் இருக்கும். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் வீட்டுக்குப் பணம் தேவைப்படுகிற பையனுக்கும், வகுப்பில் ஓர் ஆசிரியர் எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தை தைத்துப்போய் வராமல் இருக்கிற பையனுக்கும் ஒரே வழி ஒத்துவராது. கூட்டல் பெருக்கல் எல்லாம் மனக்கணக்காகவே போடுகிற ஒரு பையன் என்னிடம் படித்தான், பரீட்சையில் பத்து மார்க்கைத் தாண்டமாட்டான். ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்து, "ஒரு நேர்வட்டக் கூம்பின்" என்று தொடங்குகிற கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். "நேர்" வரைக்கும் வந்தான், அதற்கு மேல் எழுத்து கூட்ட முடியவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பத்தாவது வரைக்கும் வந்துவிட்டான், அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பது எங்கள் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

அந்தப் பையனுக்கு வேறு பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு இருப்பதாக மருத்துவச் சான்று இருந்தால், நம் மாநிலப் பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு என்று சலுகைகள் உண்டு. தேர்வுக்கு வெகு முன்பே பள்ளி மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். நிறைய வீடுகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தலைமையாசிரியரிடம் நீங்களாகவே போய்க் கேளுங்கள்.

சரி, இப்போது வழிகளுக்கு வருகிறேன்.

ஒன்று இரண்டு பாடத்தில் போன பிள்ளைக்கு என் பதில் எப்போதும் துணைத் தேர்வுதான். மே நடுவில் ரிசல்ட், ஜூலை தொடக்கத்தில் துணைத் தேர்வு, பாஸானால் அதே வருடம் பிளஸ் ஒன் சேர்ந்துவிடலாம், வருடம் வீணாகாது. தேர்ச்சி பெற்ற பாடங்களை மறுபடி எழுத வேண்டியதில்லை, போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும். பிளஸ் ஒன்னில் இன்னொரு பொதுத் தேர்வு காத்திருக்கிறதே என்ற பயமும் இனி வேண்டாம், 2025-26 கல்வியாண்டிலிருந்து மாநிலக் கல்விக் கொள்கைப்படி பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வை எடுத்துவிட்டார்கள்.

"அதே பையன், அதே பாடம், ஒன்றரை மாசத்துல என்ன மாறிடும்?" என்று கேட்பார்கள். நிறைய மாறும். கணக்கு வினாத்தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 14 ஒரு மார்க், 10 இரண்டு மார்க், 10 ஐந்து மார்க், கடைசியில் 8 மார்க் கேள்வி இரண்டு. அந்த இரண்டும் ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். ஆக 16 மார்க். பாஸ் மார்க்கோ 35. சூத்திரம் எதுவும் மனதில் நிற்காத பிள்ளைகூட இந்த இரண்டையும் கையால் பழகிப் போட்டுவிட முடியும், தோசை வார்க்கப் பழகுகிற மாதிரிதான் அது. மூன்று வருடம் முன்பு 21 மார்க்கோடு ஒரு பையன் வந்தான். விடைத்தாளில் அந்த இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை. ஏன்டா தொடவே இல்லை என்று கேட்டேன். "வட்டம் சேர மாட்டேங்குது சார்" என்றான். அவனுடைய காம்பஸை வாங்கிப் பார்த்தால் திருகு தளர்ந்து கிடக்கிறது, சுற்றும்போது பென்சில் நழுவி, தொடங்கிய இடத்துக்கு வராமல் கால் அங்குலம் தள்ளி முடிகிறது. வருடம் முழுக்க அவன் போட்ட எந்த வட்டமும் சேர்ந்ததில்லை. பழைய பஸ் டிக்கெட்டை மடித்து இடுக்கில் செருகி இறுக்கிக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அவன் ஒரு பேப்பர் நிறைய வட்டமாகவே போட்டுக்கொண்டிருந்தான். ஜூலையில் 43.

இதற்குப் பள்ளியிலேயே தனி வகுப்பு எடுக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். நிறைய அரசுப் பள்ளிகளில் துணைத் தேர்வுக்காக வகுப்பு நடத்துகிறார்கள், காசு கிடையாது, பையனின் பலவீனம் தெரிந்த ஆசிரியரே இருப்பார், வராவிட்டால் கூட்டாளிகளை வீட்டுக்கு அனுப்பி இழுத்து வரச் சொல்வார். அது இல்லையென்றால் டுட்டோரியல். டுட்டோரியல்களை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல டுட்டோரியல்காரர் ஒரு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே போன் போடுவார், ஏனென்றால் அவர் பிழைப்பு அதில் இருக்கிறது. ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்று மட்டும் நேரில் போய் எண்ணிப் பாருங்கள். அறுபது பேர் உட்கார்ந்திருந்தால் உங்கள் பிள்ளை மறுபடியும் கடைசி பெஞ்சுதான்.

அறிவியலில் போனவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 தனித்தனியாக வந்தால்தான் பாஸ். எதில் குறைந்தது என்று மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தயாராகுங்கள்.

ஐந்து பாடத்திலும் போனவன், அல்லது ஒன்பதாவதிலேயே நின்றவன் என்றால் கதை வேறு. அவனை ஒன்றரை மாதத்தில் துணைத் தேர்வுக்குத் தள்ளுவது இன்னொரு தோல்வியை வாங்கிக் கொடுப்பதுதான். பள்ளியில் சேராமலே, நேரடியாகத் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம், பதினான்கரை வயது முடிந்திருக்க வேண்டும். எட்டாவதே முடிக்காதவர்களுக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது, அதற்குப் பன்னிரண்டரை வயது. இதில் வழுக்குகிற இடம் அறிவியல் செய்முறை. நேரடித் தனித்தேர்வர்கள் தேர்வுக்குப் பல மாதம் முன்பே மாவட்டக் கல்வி அலுவலகம் மூலம் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளியில் 80 சதவீத வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். ஜனவரியில் வந்து "பரீட்சை எழுதணும் சார்" என்று நிற்கிறவர்களுக்கு அந்த வருடம் போயே போச்சு. தேடுகிற ஆள் யார் என்ற என் கேள்விக்கு இந்த வழியில் பதில் மிக மோசம்: யாருமே இல்லை. வீட்டில் அக்காவோ, தெருவில் ஒரு டியூஷன் டீச்சரோ தினமும் உட்கார வைத்தால் மட்டும் இதை நம்புங்கள்.

ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்தாவது ரிசல்ட் நூறு சதவீதம் வரவேண்டும் என்பதற்காக ஒன்பதாவதிலேயே பலவீனமான பிள்ளைகளைக் கழித்துக்கட்டப் பார்க்கிற பள்ளிகள் இருக்கின்றன. "இவன் இங்க தேற மாட்டான், டி.சி. வாங்கிட்டு வேற எங்கயாவது சேர்த்துக்கோங்க" என்று அன்பாகவே சொல்வார்கள். நீங்கள் கைப்பட டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் அது உங்கள் விருப்பம் என்று ஆகிவிடும். அடுத்த பள்ளியில் இடம் உறுதியாகிற வரை அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். பிரச்சினை முற்றினால் 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

அடுத்தது ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் மூன்று வருடம் வாயே திறக்காத ஒரு பையன், எட்டாவது பாஸ் சான்றிதழை வைத்து அரசு ஐடிஐயில் வெல்டர் சேர்ந்தான். ஆறு மாதம் கழித்து அங்கே ஒரு வேலையாகப் போனவன் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். அவன் என்னைக் கண்டதும் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு, அப்போதுதான் ஒட்டிய ஒரு தகட்டைக் குறட்டில் பிடித்துக்கொண்டு வந்தான். மேலே இருந்த கசடைச் சுத்தியால் தட்டித் தட்டி உதிர்த்தான், உள்ளே வரிவரியாகத் தையல் போட்ட மாதிரி ஒட்டு தெரிந்தது. "ஆம்பியர் கூடிட்டா ஓட்டை விழுந்துரும் சார், குறைஞ்சா உள்ள இறங்காம மேலயே நிக்கும்" என்று அவன் எனக்குப் பாடம் எடுத்தான். நான் மூன்று வருடத்தில் அவன் வாயிலிருந்து கேட்ட மொத்த வார்த்தைகளைவிட அது அதிகம்.

பள்ளிக்கூடத்துப் பெஞ்சோடு ஒட்டாத, ஆனால் கையில் வேலை கொடுத்தால் நேரம் போவது தெரியாமல் செய்கிற பிள்ளைக்கு ஐடிஐ மாதிரி இடம் வேறு கிடையாது. 14 வயது முடிந்தால் சேரலாம், பெண்களுக்கு மேல் வயது வரம்பு இல்லை. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம் எல்லாம் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பிள்ளை என்றால் 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலோ 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலோ இன்னொரு 1,000 ரூபாய். மாதம் 1,750 என்பது பனியன் கம்பெனிச் சம்பளத்துக்கு ஈடாகாதுதான், ஆனால் "வீட்டுக்கு பாரமா இருக்கேன்" என்று நினைக்கிற பையனுக்கு அவன் பெயரில் ஒரு கணக்கில் பணம் விழுவது பெரிய விஷயம். வருகைப்பதிவு 80 சதவீதம் கட்டாயம், ஒரு பிரிவில் இருபது சொச்சம் பேர்தான், காலை முதல் மாலை வரை ஒரே பயிற்றுநர். ஆக, வராதவனைத் தேட ஆள் இருக்கிறார்.

ஆனால் எந்த ட்ரேடில், அதாவது எந்தத் தொழிற்பிரிவில் சேர்க்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், மோட்டார் மெக்கானிக் எல்லாவற்றுக்கும் பத்தாவது பாஸ் தேவை. எட்டாவது பாஸுக்கு வெல்டர், ஒயர்மேன், கார்பென்டர், பெயின்டர் மாதிரிதான். இதில் வெல்டர் ஒரு வருடம், ஒயர்மேன் இரண்டு வருடம். சீக்கிரம் முடிகிறதே என்று எல்லாரும் வெல்டருக்குப் போகிறார்கள். எட்டாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்து, பத்தாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலம் இரண்டு தாளையும் தனித்தேர்வராக எழுதிப் பாஸானால் அதைப் பத்தாவதுக்கு இணையாக எடுத்துக்கொள்கிறார்கள். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ என்றால், பிளஸ் டூ மொழித்தாள்களை எழுதிப் பன்னிரண்டாவதுக்கு இணை. கணக்கும் அறிவியலும் எழுதாமலே பத்தாவது கைக்கு வருகிறது என்றால் சில பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய கதவு! என் வெல்டர் பையனைச் சேர்க்கும்போது எனக்கு இது தெரிந்திருந்தால் ஒயர்மேனில் சேர்த்திருப்பேன். அவன் இன்றைக்கு நன்றாகத்தான் சம்பாதிக்கிறான், ஆனால் பத்தாவது பாஸ் கேட்கிற கம்பெனி ஒவ்வொன்றின் வாசலிலும் அவன் நிற்கும்போது எனக்கு அது உறுத்தும்.

பத்தாவது பாஸாகி ஐடிஐ போனால் மேலே வழி அகலம். இரண்டு வருடம் முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம், டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் வருடத்துக்கும் போகலாம். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் ரோபாட்டிக்ஸ், நவீன எந்திரங்கள் எல்லாம் கொண்டுவந்திருக்கிறார்கள். பக்கத்து ஐடிஐயில் அது இருக்கிறதா என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பார்த்துவிட்டு வந்தவன் அவனாகவே பேசுவான். குறை என்று பார்த்தால், பெண் பிள்ளைகளை இன்னும் தையலுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டுமே அனுப்புகிறோம். அது ஐடிஐயின் குறை என்பதைவிட நம்முடைய குறை. அப்புறம், சில தனியார் ஐடிஐகளில் எந்திரமே ஓடாது, சேர்ப்பதற்கு முன் பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக என்.ஐ.ஓ.எஸ்., அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-ல் தொடங்கிய மத்திய அரசு அமைப்பு, தலைமையிடம் நொய்டா. வாட்ஸப்பில் இதைப் பற்றி வருகிற செய்திகளைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் இதையே முதல் வழியாகக் கேட்கிறார்கள். கவர்ச்சி எங்கே என்று புரிகிறது. பத்தாவதுக்கு 14 வயது போதும், ஐந்து பாடம், அதில் ஒரு மொழி இருந்தாக வேண்டும், மற்றதை நாமே தேர்ந்தெடுக்கலாம், கணக்கு கட்டாயமில்லை. மனையியல், ஓவியம், டேட்டா என்ட்ரி என்று எடுத்துக்கொள்ளலாம். தமிழிலும் எழுதலாம். பாஸ் மார்க் 33. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு தேர்வு, ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, ஒரு தடவைக்கு ஒரு பாடம் என்றுகூடச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

உடம்புக்கு முடியாமல் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. விளையாட்டில் தீவிரமாக இருக்கிறவர்களுக்கும் சரி. எங்கள் பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள். எட்டாவது ஒன்பதாவது படிக்கிற வயசில் ஊர் மாறி வந்து, இங்கே தமிழ்த் தாள் கட்டாயம் என்பதால் தடுமாறி, வகுப்பில் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். இந்தியிலோ ஒடியாவிலோ எழுத முடிகிற என்.ஐ.ஓ.எஸ். அவர்களுக்குக் கைகொடுக்கும், இதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

மற்றபடி, தடுமாறுகிற சாதாரணப் பதினைந்து வயதுப் பையனுக்கு இதை நான் கடைசியாகத்தான் சொல்வேன். என் கேள்விதான் காரணம். வாரக்கடைசித் தொடர்பு வகுப்பு இருக்கும், வீட்டிலிருந்து எழுதி அனுப்புகிற பயிற்சித் தாளுக்கு 20 சதவீத மார்க் இருக்கும், ஆனால் அவன் வரவில்லை என்று யாரும் தேடமாட்டார்கள். ஒன்பது வாய்ப்பு இருக்கிறது என்பதே அவனுக்கு ஒன்பது தடவை தள்ளிப்போடுவதற்குக் காரணமாகிவிடும். கணக்கை விட்டுவிட்டுப் பாஸானால் பிறகு பாலிடெக்னிக்கும், எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் மாதிரியான ட்ரேடுகளும் கணக்கு, அறிவியல் கேட்டு மடக்கும். ஒரு பாடத்தில் மட்டும் போனவன் இங்கே வருவது நஷ்டம்கூட. பழைய வாரியத்தில் பாஸான பாடங்களில் இரண்டை மட்டும்தான் இங்கே எடுத்துக்கொள்வார்கள், நான்கில் பாஸான பையன் மூன்று பாடம் புதிதாக எழுத வேண்டிவரும், துணைத் தேர்வில் ஒன்றே ஒன்று எழுதினால் முடிந்திருக்கும். மாநில அரசு வேலைக்கு இந்தச் சான்றிதழின் இணைத்தன்மை பற்றிச் சர்ச்சை எழுந்ததும் உண்டு. டி.என்.பி.எஸ்.சி.தான் குடும்பத்தின் கனவு என்றால் மாநில வாரியப் பத்தாவதை வாங்கிவிடுவது நிம்மதி. பத்தாவதைத் தாண்டாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி என்று யாராவது சொன்னால் கிட்டேயே போகாதீர்கள், பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை இல்லாத பட்டம் இங்கே அரசு வேலைக்குச் செல்லாது.

"பரீட்சைக்கு நேர்ல வர வேண்டாம், நாங்களே பார்த்துக்கறோம்" என்கிற ஆட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா, லோடு வண்டி ஓட்டுகிறவர், இப்படி ஓர் இடத்தில் பதினெட்டாயிரம் கொடுத்து ஒரு மதிப்பெண் பட்டியல் வாங்கிவிட்டார். பளபளவென்று ஹோலோகிராம் எல்லாம் ஒட்டியிருந்தது. அந்த வாரியத்தின் பெயர் அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பட்டியலிலும் இல்லை. நர்சிங் உதவியாளர் படிப்புக்குப் போய் நின்ற அன்றைக்குத்தான் அது அவர்களுக்குத் தெரிந்தது. அந்த அப்பா என் வீட்டுத் திண்ணையில் அந்தப் பேப்பரை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். என்.ஐ.ஓ.எஸ். என்றால் அவர்களுடைய இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம், நடுவில் ஆள் வேண்டாம்.

"படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம், ஹாஸ்டல் ஃப்ரீ" என்று கிராமம் கிராமமாக வந்து பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற நூல் மில் வேன்களும் உண்டு. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருடம் கழித்து மொத்தமாகப் பணம் என்று சொல்லிக் கூட்டிப்போனதை இந்தப் பக்கத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஷிப்ட் முடித்துவிட்டு வந்த பெண் புத்தகத்தை எடுப்பாள் என்று நம்புவது நியாயமில்லை. பெண் பிள்ளை ஒரு வருடம் சும்மா வீட்டில் இருந்தால் கல்யாணப் பேச்சு எழுந்துவிடுகிறது என்பதால், அவளுக்கு எந்த வழியானாலும் இடைவெளி விழாமல் ஜூனிலேயே எங்காவது பெயர் பதிவாகியிருப்பது முக்கியம். பதினெட்டு வயதுக்கு முன்னால் கல்யாணம் என்று பேச்சு வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம், பக்கத்து வீட்டுக்காரர்கூட.

இவ்வளவும் சொன்ன பிறகும் போனில் கேட்பார்கள், "சார், ஒரே வார்த்தையில சொல்லுங்க." அப்படியானால் இதுதான். ஒன்றோ இரண்டோ பாடம் என்றால் துணைத் தேர்வு, நாளைக்கே தொடங்குங்கள். மூன்றோ அதற்கு மேலோ போய், ஆனால் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது என்றால், தெரிந்த ஆசிரியரிடம் ஒரு வருடம் ஒப்படைத்துவிட்டு ஜூலையில் இரண்டு, அடுத்த மார்ச்சில் மீதி என்று பிரித்து எழுத வையுங்கள். பெஞ்சே பிடிக்கவில்லை என்றால் இரண்டு வருட ஐடிஐ, கூடவே அந்த இரண்டு மொழித்தாள், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நோய், மொழி, ஊர் மாற்றம் என்று உடம்போ சூழ்நிலையோ தடுத்தால் என்.ஐ.ஓ.எஸ். பணம்தான் பிரச்சினை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், சாயங்கால வகுப்புக்கு வந்துவிட்டு சனி, ஞாயிறு மட்டும் கடைக்கு உதவிக்குப் போகிற பிள்ளைகள் என்னிடமே உண்டு, அது லட்சியமான ஏற்பாடு இல்லை, ஆனால் திங்கட்கிழமை அவன் என் கண்ணில் படுகிறான்.

ஐடிஐக்கு ஆன்லைன் விண்ணப்பம் தவறிவிட்டாலும் காலியிடம் இருந்தால் நேரடிச் சேர்க்கை நடக்கும், ஜூலை ஆகஸ்ட்டில் நேரிலேயே போய்க் கேளுங்கள். போகும்போது டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவு போட்டோ நான்கைந்து, எல்லாவற்றிலும் இரண்டிரண்டு ஜெராக்ஸ். ஒரிஜினலைச் சேர்க்கை உறுதியாகாமல் யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், மனுவை அவனே நிரப்பட்டும், தாமதமானாலும் பரவாயில்லை.